இரைச்சல் என்று நான் காட்டிய பத்து விநாடி

பள்ளிக்கூடத்தின் இசைத் தொழில்நுட்ப அறையில் ஆறு கணினிகள் இருந்தன. நாங்கள் ஒன்பது பேர். இந்தக் கழித்தலை யாரும் சொல்லித் தரவில்லை. பத்தாம் வகுப்பின் முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வருஷக் கடைசியில் ஆறு பேர் மேலே போவார்கள், அடுத்த இரண்டு வருஷம் அந்த அறை அவர்களுடையது. மிச்சம் மூன்று பேர் வேறு பாடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு அந்த அறை வேண்டியிருந்தது. வேதியியல் வகுப்பில் என் கால் ஆடும், கால் ஆடினால் மேஜை ஆடும், மேஜை ஆடினால் மேலே இருக்கும் குடுவைகள் கிணுகிணுக்கும், வெளியே போய் நில் என்பார்கள். கணக்கு வகுப்பில் பேனா மூடியைத் திறந்து மூடி, திறந்து மூடி, பக்கத்துப் பெண் அதைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொள்வாள். இந்த அறையில் மட்டும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு காலை ஆட்டினால், தாளம் பிடிக்கிறாள் என்று விட்டுவிட்டார்கள். பதினாறு வயதில் நான் கேட்டதெல்லாம் அவ்வளவுதான். ஆடவிடுகிற ஒரு நாற்காலி.

அப்பாவுக்கு, நகரத்துக்கு வெளியே குச்சி என்ற ஊரில், ஒரு நூல் சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர் வேலை. விடிவதற்கு முன்னால் கம்பெனி வேன் வந்து எங்கள் வீட்டருகே பாலத்தடியில் ஹாரன் அடிக்கும். இசை படிக்கப் போகிறேன் என்றதும் அவர் மறுக்கவில்லை. இடம் கிடைத்தால் படி, கிடைக்காவிட்டால் பிசிக்ஸ் எடு, நடுவில் நின்றுகொண்டு அழக் கூடாது என்றார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டே, தானும் நாளெல்லாம் மெஷின் சத்தத்தில்தான் நிற்பதாகவும், தனக்கு இதுவரை ஒருத்தரும் மார்க் போட்டதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

யார் அந்த ஆறு பேர் என்பதை முடிவு செய்யும் வேலையைத் தை மாதத்தில் கொடுத்தார்கள். ஒரு மனிதக் குரலை, ஸ்டுடியோ இல்லாத ஓர் இடத்தில், பதிவு செய்து வர வேண்டும். அதிலுள்ள இரைச்சலை நீக்க வேண்டும். அதன் அடியில் மூன்று தடங்கள் நாமே அமைக்க வேண்டும். பதிவு வெறும் பதிவாக இருக்க வேண்டும். எதிரொலி, ஒலிபெருக்கி எதுவும் கூடாது. அலங்காரமெல்லாம் பிறகு, கணினியில், மார்க் போடுகிறவர் கண்ணுக்குத் தெரியும்படி. இன்னொன்றும் மிஸ் இரண்டு தடவை சொன்னார். குரல் தொடங்குவதற்கு முன் அந்த இடத்தின் வெற்றுச் சத்தம் பத்து விநாடி இருக்கட்டும். மின்விசிறி, தெரு, தண்ணீர்க் குழாய், எது இருந்தாலும் சரி. அந்தப் பத்து விநாடியைக் கணினிக்குக் காட்டி இதுதான் இரைச்சல் என்று சொன்னால், பதிவு முழுவதிலிருந்தும் அதை அது உருவி எடுத்துவிடும்.

குரலுக்கு நான் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. வீட்டிலேயே இருந்தது, வெங்காயம் நறுக்கிக்கொண்டு.

அம்மா காரைக்காலில் பன்னிரண்டு வருஷம் பாட்டு கற்றவள். பாடகி என்று யாராவது சொன்னால் சிரிப்பாள், அவளுக்கு அதில் வருத்தமும் கிடையாது. பாடுவதற்கு அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனை: சுருதிப் பெட்டி ஓட வேண்டும். எலக்ட்ரானிக் பெட்டி, கையடக்கம், அஞ்சு கட்டையில் திருப்பிவைத்தது. காலைக் காப்பிக்கு அடுப்பு பற்றும்போதே அதுவும் தொடங்கிவிடும். ஸ, ப, ஸ, ப என்று பகல் முழுக்கக் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் முனகிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன சத்தம் அது என்பார்கள். எந்தச் சத்தம் என்று நாங்கள் மூன்று பேரும் நிமிர்ந்து பார்ப்போம்.

நாங்கள் இருந்தது கான் ஹொய் என்ற ஆற்றோரப் பேட்டையில், நான்காவது மாடி. கீழே பாலத்தில் ஏறும் மோட்டார் பைக்குகள், இறங்கும் மோட்டார் பைக்குகள், ஆற்றில் கப்பல் ஊதல், பதிவு செய்த குரலை ஒலிபெருக்கியில் ஓடவிட்டபடி சைக்கிளில் பான் மீ ரொட்டி விற்றுப் போகிறவர். வருஷத்தில் மூன்றே நாள்தான் அந்தத் தெருவுக்கு வாய் மூடும். தெத் புத்தாண்டுக்கு ஊரில் பாதி ஜனம் சொந்த ஊருக்குப் போய்விடும், கடைகள் இறங்கிவிடும், பாலம் வெறிச்சோடிக் கிடக்கும், ஆறு இத்தனை நாள் இங்கேதான் இருந்ததா என்று தோன்றும். தெத் முதல் நாள் காலையில் பள்ளியின் மினிடிஸ்க் பதிவுக் கருவியையும் மைக்கையும் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். சொன்னபடியே பத்து விநாடி கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அம்மா கண்ணை மூடிக் காத்திருந்தாள். பிறகு மோகனம் பாடினாள், சொல் இல்லாமல், ஆலாபனை மட்டும். ஏழு நிமிஷம். முடித்துவிட்டு, வெல்லம் வாங்க வேண்டும், கடையெல்லாம் என்று திறக்கும் என்று கேட்டாள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரத்தில் அதைக் கணினியில் ஏற்றினேன். என்னைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, உட்கார வராது. மணியடிக்க நான்கு நிமிஷம் இருக்கும்போது முதல் பத்து விநாடியைத் தேய்த்துக் காட்டினேன். இரைச்சல் இதுதான். நீக்கவா என்று கேட்டது, ஆம். பழைய கோப்பின் மேலேயே எழுதவா என்று கேட்டது, ஆம். அதற்கும் ஆம், இதற்கும் ஆம், பஸ் போய்விடும், பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கேட்டுப் பார்க்கவில்லை. அடுத்த மூன்று வாரம் அதன் அடியில் வைக்கப்போகும் தடங்களைத் தனியாகச் செய்துகொண்டிருந்தேன். டிரம், ஒரு தாழ்ந்த வயலின் ஒலி, ஆற்றுத் தண்ணீர்.

என் பக்கத்துக் கணினிக்காரி, சீனர் பேட்டையான சோலோனைச் சேர்ந்த பெண். அவள் அப்பா அங்கே கரோக்கி ஆம்ப்ளிஃபயர் செய்து விற்கிறவர், பழுதும் பார்ப்பார். மூடியிருக்கும் பெட்டியில் எந்த ஸ்பீக்கர் கிழிந்திருக்கிறது என்று தட்டிப் பார்த்தே சொல்கிற காது அவளுக்கு. சமர்ப்பிக்க நான்கு நாள் இருக்கும்போது என் குரல் தடத்தைக் கேட்கிறேன் என்று ஹெட்போனை வாங்கினாள். ஒரு நிமிஷம் கேட்டாள். திரும்பவும் கேட்டாள். ஹெட்போனைக் கழற்றாமலே என்னைப் பார்த்து, "உங்கம்மா நடுநடுவுல எங்க போறாங்க?" என்றாள்.

பிடுங்கிக் கேட்டேன். ரிஷபத்தில் அம்மா இருந்தாள். காந்தாரத்தில் இருந்தாள், குழைந்து, ஆடி, எங்கள் சமையலறையில் இருக்கிறபடியே இருந்தாள். பஞ்சமத்துக்கு வந்ததும் குரல் மெலிந்து தண்ணீருக்கடியில் போனது. மேலே ஏறித் திரும்பி, எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஷட்ஜத்தில் வந்து நிற்கிற இடத்தில் குரலின் தோல் மட்டும் இருந்தது. உள்ளே ஆள் இல்லை.

எனக்கு உடனே புரிந்தது, புரிந்ததும் காது சுட்டது. அந்தப் பத்து விநாடி. தெரு அடங்கியிருந்தது, மின்விசிறியை அணைத்திருந்தேன், அம்மா மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடுவது என் காதுக்குத் தெரியவே இல்லை. ஸ, ப, ஸ, ப. இதுதான் இரைச்சல் என்று நான் காட்டினேன். சொன்ன சொல் தட்டாத கணினி, பாட்டு முழுவதிலிருந்தும் ஸவையும் பவையும் உருவி எடுத்துவிட்டது, பெட்டியிலிருந்தும் அம்மாவின் தொண்டையிலிருந்தும்.

மூலப் பதிவும் இல்லை. கருவியில் போடப் பள்ளியில் இருந்தது ஒரே ஒரு டிஸ்க், ஒரே ஒரு தட்டு. ஏற்றி முடித்தாயிற்றா என்று கேட்டு, என் பங்கை அழித்துவிட்டு அடுத்தவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். மிஸ் திட்டவில்லை, அதுதான் மோசம். புதிதாகப் பதிவு செய்து வரத் திங்கள் காலை வரை நேரம் கொடுத்தார். இந்தத் தடவை மூலம் தட்டிலேயே அவர் கைக்கு வர வேண்டும், தானே கேட்டுவிட்டுத்தான் ஏற்ற விடுவேன் என்றார். தட்டில் இன்னும் இரண்டு பேர் வேலை இருந்தது, அதைத் தொடக் கூடாது. மீதி பதினொரு நிமிஷம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"என் ஸாவ இரைச்சல்னுட்டியா?"

தெரியாமல் செய்தது என்றேன். பன்னிரண்டு வருஷம் பாட்டு கற்றுக்கொண்டு மெஷினிடம் திட்டு வாங்கினவள் காரைக்கால் ஜில்லாவிலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்றாள். அப்பாவிடம் இதைச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எனக்குத் திங்கள் காலை தெரிந்தது, ஆறு நாற்காலி தெரிந்தது, பிசிக்ஸ் புத்தகத்தின் பச்சை அட்டை தெரிந்தது.

வெள்ளி மாலையும் சனிக்கிழமையும் வீட்டிலேயே முயன்றோம். எதிரே புதுக் கட்டடத்துக்குத் தரைக்குள் கம்பம் அடித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். தொம், இழுவை, தொம். அம்மா அந்தத் தொம்மைத் தவிர்த்துப் பாடப் பார்த்தாள், அது இரண்டாவது மூச்சிலேயே காலை வாரியது. குளியலறையில் வைத்தேன், மேல்மாடியில் யாரோ தண்ணீர் திறந்தார்கள். படுக்கையறையில் மெத்தையைச் சன்னலுக்கு நிறுத்தி வைத்தேன், மெத்தையையும் துளைத்துக்கொண்டு பான் மீக்காரர் வந்தார். சனி சாயங்காலம் சோலோன் தோழிக்குப் போன் செய்தேன். கடைக்குப் பின்னால் அப்பா கரோக்கி செட்டுகளைச் சோதித்துப் பார்க்கும் அறை ஒன்று இருக்கிறது, சுவரெல்லாம் நுரை ஒட்டியது, கதவைச் சாத்தினால் வெளி உலகமே கிடையாது, நாளைக் காலை வா, கோவையும் கூட்டி வா என்றாள். கோ என்றால் அங்கே அத்தை. என் அம்மாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஸே ஓம், அதாவது வாடகை மோட்டார் பைக், பிடித்தோம். அம்மா புடவையில், ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் சுருதிப் பெட்டி. பின்னால் வந்த பைக்கில் மைக்கோடு நான். கால்வாய் ஓரமாகவே போனோம். நடுவழியில் அவள் தலை லேசாக ஆடியது. எஞ்சின் சத்தத்துக்குள் பாடிப் பார்க்கிறாள் என்று பின்னாலிருந்தே தெரிந்தது.

கடை வாசலில் தோழியின் அப்பா நின்றார். சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர், காதில் பென்சில். அம்மாவுக்குத் தேநீர் கொடுத்தார், ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அறையில் சிவப்பு சோபா, பிளாஸ்டிக் திராட்சைக் குலை, படம் அணைந்த டிவி. கதவைச் சாத்தினோம். முதலில் பத்து விநாடி, பெட்டியை நிறுத்தும்மா என்றேன். நிறுத்தினாள். அப்படி ஒன்றுமே இல்லாத பத்து விநாடியை அவள் எங்கே கேட்டிருக்கப் போகிறாள்? புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். நான் விரலை விட்டு எண்ணி முடித்து, பெட்டியைப் போடச் சைகை காட்டியபோது அவசரமாகப் போட்டாள்.

பாடத் தொடங்கி நின்றாள். திரும்பத் தொடங்கி நின்றாள்.

"என்னடி இது, பாடுறதெல்லாம் வாயிலேருந்து தரையில விழுது. ஒண்ணும் திரும்பி வரல."

நுரைச் சுவர் அப்படித்தான் என்று விளக்கினேன். விளக்கினால் பாட்டு வருமா? ஐந்தாவது தடவை நின்றபோது தோழியின் அப்பா கதவைத் திறந்து தலையை நீட்டினார். மகள் என்ன நடக்கிறது என்று அவருக்குச் சொன்னாள். அவருக்கு இதில் யோசிக்கவே எதுவும் இல்லை. ஒரு கரோக்கி மைக்கைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தார், ஆம்ப்ளிஃபயரைப் போட்டார், எக்கோ என்று எழுதியிருந்த குமிழைப் பாதி திருப்பினார்.

அம்மா ஒரு ஸ பாடினாள். அது போய்த் திரும்பி வந்தது. அவள் புருவம் உயர்ந்தது. இன்னொன்று கொடுத்தாள், அதுவும் வந்தது. பிறகு காந்தாரத்தைத் தொட்டு, விட்டுவிட்டு, அது திரும்பி வரும் வரைக்கும் காத்திருந்து, வந்ததன் மேலேயே அடுத்ததை வைத்தாள். விளையாட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். தட்டு ஓடிக்கொண்டிருந்தது, நான் நிறுத்தவில்லை. கூடாது என்று தெரியும், ஒலிபெருக்கி கூடாது, எதிரொலி கூடாது, தெரிந்தும் கை போகவில்லை. வீட்டில் எப்போதும் ஏழு நிமிஷத்தில் முடிக்கிறவள் ஒன்பது நிமிஷம் பாடினாள். மேல் ஸ்தாயியில் ஒரு சின்னச் சொடுக்குக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வாள், அறை அதைச் சொல்லி முடிக்கட்டும் என்று. தோழியின் அப்பாவுக்கு மோகனம் தெரியாது, ஒரு ராகமும் தெரியாது. ஆனால் அவள் ஷட்ஜத்தில் வந்து நிற்கும்போதெல்லாம் குமிழை ஒரு மயிரிழை குறைத்தார், கிளம்பும்போது ஏற்றினார். கடையில் சால்டர் வைத்துக்கொண்டிருந்த இரண்டு ஆட்கள் வேலையை விட்டுவிட்டுக் கதவருகில் நின்றார்கள். என் கால் ஆடவில்லை. அது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

முடித்ததும் அம்மாவுக்கு வேர்த்திருந்தது. தோழியின் அப்பா ஏதோ சொன்னார், வெள்ளிக்கிழமைகளில் கடைக்கு வரலாமே என்கிறார் என்று மகள் மொழிபெயர்த்தாள். ஒலிபெருக்கி வாங்க வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல சாம்பிள் கிடையாதாம். அம்மா சிரித்துக்கொண்டே தேநீர் குடிக்க வெளியே போனாள்.

கருவியின் சின்னத் திரையில் மீதி இரண்டு நிமிஷத்துக்குக் குறைவாகக் காட்டியது. இதையே கொடு, குறிப்பேட்டில் காரணத்தை எழுது என்றாள் தோழி. அவளுக்குச் சொல்லலாம், அவள் நாற்காலி எப்போதோ அவளுக்கு என்று ஆகிவிட்டது. எனக்கு மிஸ்ஸின் முகம் வந்தது. இவ்வளவு சொல்லியும் எதிரொலியோடு கொண்டுவந்திருக்கிறாயே என்று திட்டாமல் பார்க்கிற முகம். வேறு தட்டு இருக்கிறதா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை, மினிடிஸ்க்கை யார் வைத்திருக்கிறார்கள் என்று அவள் அப்பா கையை விரித்தார். அவரிடம் கேசட் டெக் ஒன்று இருந்தது, திறந்து போட்டு, நாடா உருளை இல்லாமல். அழிக்கவா என்று கருவி கேட்டது. நான் ஆம் என்றேன். யாரும் அவசரப்படுத்தவில்லை, பஸ் எதுவும் போய்விடவில்லை.

அம்மா திரும்பி வந்ததும், இன்னொரு தடவை, மைக் இல்லாமல், சும்மா, நான்கு நிமிஷம் போதும் என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை. பத்து விநாடி பெட்டியை நிறுத்தினாள், போட்டாள், பாடினாள். எல்லா ஸ்வரமும் அதனதன் இடத்தில் இருந்தது. ஸ இருந்தது, ப இருந்தது. நான்கு நிமிஷத்தில் முடித்துச் சுருதிப் பெட்டியை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவுக்குப் போட்டுக் காட்டச் சொன்னாள். போட்டேன். அவர் ஹெட்போனில் கேட்டு, சுத்தமாக இருக்கிறது, கறை இல்லை என்றார். சாயம் ஏறிய நூலுக்கும் அவர் அதைத்தான் சொல்வார். அம்மா ஒரு பக்கக் காதை வாங்கி வைத்துக்கொண்டாள். கொஞ்சம் கேட்டதுமே கழற்றிவிட்டாள்.

"இது ரெண்டாவது பாடினதுல்ல?"

"ஆமாம்மா."

"மொதல்ல பாடினது?"

"தட்டுல எடமில்ல."

மேஜையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"இதுக்கு எடம் கிடைச்சிடுமா ஒனக்கு?"

"கிடைச்சிடும்."

"அப்பச் சரி" என்று துணியைப் பிழியப் போனாள்.

கிடைத்தது. ஆறாவது பெயர். அப்பாவிடம் சொன்னபோது பிசிக்ஸ் புத்தகத்தை யாருக்காவது கொடுத்துவிடு என்றார். அம்மா பாயசம் வைத்தாள்.

மேல் வகுப்பின் முதல் பருவத்தில் எதிரொலியைப் பாடமாக வைத்தார்கள். ஒலி எவ்வளவு நேரம் கழித்துத் திரும்ப வேண்டும், எத்தனை தடவை, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு தேய வேண்டும், எல்லாம் எண்கள். அந்த எண்களை நான் வேகமாகப் பிடித்துக்கொண்டேன். ஒரு மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது அம்மாவின் நான்கு நிமிஷத்தை எடுத்து ஏற்றினேன். கடைக்காரர் திருப்பிய குமிழ் ஞாபகத்தில் இருந்தது. பாதியில் வைத்தேன், கொஞ்சம் கூட்டினேன், ஷட்ஜம் வரும் இடங்களில் ஒரு மயிரிழை குறைத்தேன். எண் சரியாக இருந்தது. எதிரொலி வந்தது, அன்றைக்கு வந்த மாதிரியே வந்தது. வந்து அம்மாவின் மேல் இடித்தது. அடுத்த ஸ்வரத்துக்கு அவள் ஏற்கனவே போயிருந்தாள். நான்கு நிமிஷம் முழுக்க எங்கேயும் அவள் நின்று காத்திருக்கவில்லை. காத்திரு என்று நான் சொல்லவுமில்லை.

தள்ளிப் பார்த்தேன், வெட்டி இடைவெளி விட்டுப் பார்த்தேன். வெட்டிய இடத்தில் மூச்சு அறுந்து தொங்கியது. சேமிக்கவா என்று கேட்டது. இல்லை என்று அழுத்திவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். சாப்பிடப் போனவர்கள் திரும்பி வரும் சத்தம் வராந்தாவில் கேட்டது.